மூன்று ஆட்டத் தடை: ஒரு விசில்காரரின் ரிவ்யூ

மோசமான டேக்கிளுக்கு, அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க ஆபத்தாகப் பாய்வதற்கு, நேரடி சிவப்பு அட்டை, அப்புறம் மூன்று ஆட்டம் தடை. ஆட்டக்காரர்களின் கால்களைக் காப்பாற்றக் கால்பந்து நிர்வாகம் வைத்திருக்கும் சேவை இதுதான். ஃபோனுக்கும் ஷூவுக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், இதற்கு ஏன் யாரும் எழுதுவதில்லை என்று ரொம்ப நாளாக ஓர் அரிப்பு. எழுதும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு. முன்பு விங்கில், மைதானத்தின் ஓரத்தில், ஓடிக்கொண்டிருந்தேன், அதாவது அடி வாங்கும் இடம். இப்போது வாரக்கடைசி லீக்குகளில் விசில் ஊதுகிறேன், அதாவது அட்டையை எடுக்கும் இடம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு அட்டைக்கு ஐந்துக்கு நாலரை. தடைக்கு இரண்டரை. மேல்முறையீட்டுக்கு ஒன்றரை, அதுவும் போனால் போகிறது என்று.

நன்றாக இருப்பதில் இருந்து தொடங்குவோம். விதிப் புத்தகத்தின் 12-வது விதி டேக்கிள் ஃபவுல்களை மூன்று தரமாகப் பிரிக்கிறது. கவனமில்லாமல் காலை விட்டால் வெறும் ஃப்ரீ கிக். எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் பாய்ந்தால் மஞ்சள். மிதமிஞ்சிய பலத்தோடு வந்தாலோ எதிராளியின் உடம்புக்கு ஆபத்து விளைவித்தாலோ சிவப்பு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எலும்பு உடைந்ததா என்று விதி கேட்பதே இல்லை. ஆபத்து இருந்ததா என்று மட்டும்தான் கேட்கிறது. பந்து முதலில் பட்டதா என்பதும் அதற்குப் பெரிய விஷயமில்லை. "பந்துலதான் பட்டுச்சு ரெஃப்ரி!" என்று கத்துகிற ஆள் ஒவ்வோர் ஆட்டத்திலும் உண்டு. பட்டிருக்கட்டும். பந்தில் பட்ட கால் அதே வேகத்தில் அடுத்தவன் கணுக்காலில் போய் இறங்கினால் சிவப்புதான்.

களத்தில் நான் பார்ப்பது பாய்கிறவனின் முழங்காலை. பக்கவாட்டில் சரிந்து, தொடை புல்லில் உரச, முழங்கால் மடங்கி வந்தால் பெரிய பயமில்லை. மோதினாலும் அந்தக் கால் வளைந்து கொடுத்துவிடும். முழங்கால் பூட்டிக்கொண்டு, கால் விறைப்பாக நீண்டு, ஷூவின் அடிப்பக்கம் முழுசாகத் தெரிந்தால் எனக்கு வயிறு கலங்கும். ஓர் ஆளின் மொத்த எடையும் நாலைந்து ஸ்டட் (ஷூவின் அடியில் இருக்கும் குமிழ்கள்) வழியாக இறங்கப் போகிறது. அந்த நொடியில் எதிராளியின் கால் காற்றில் இருந்தால் தூக்கி எறியப்பட்டு, உருண்டு, எழுந்து திட்டுவான். அதே கால் தரையில் ஊன்றி, அவனுடைய ஸ்டட்களும் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் நகர வழியே இல்லை. கணுக்கால்தான் திரும்பும். ஷின் கார்டு கட்டாயம்தான், ஆனால் அது மூடுவது முன்னெலும்பை. கணுக்கால் திரும்பும்போது அது வேடிக்கைதான் பார்க்கும்.

கால் ஊன்றியிருந்ததா காற்றில் இருந்ததா என்பது பாய்ந்தவன் தீர்மானிக்கிற விஷயமில்லை. எப்படிப் பாய்வது என்பது அவன் தீர்மானிப்பது. தண்டனை இந்த இரண்டாவதற்குத்தான். விதி எழுதியவர்களுக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தடை விதிக்கும் அறைக்குள் போகும்போதுதான் எல்லாம் குழம்புகிறது.

2019 நவம்பரில் இங்கிலாந்தின் எவர்ட்டன் மைதானத்தில் டாட்டன்ஹாமின் சன் ஹியூங்-மின் பின்னாலிருந்து காலைத் தட்டிவிட, எவர்ட்டனின் ஆந்த்ரே கோமெஸ் நிலைதடுமாறிப் போய் இன்னொருவர் மேல் மோதினார். கணுக்கால் திரும்பிவிட்டது. ரெஃப்ரி மார்ட்டின் அட்கின்சன் முதலில் எடுத்தது மஞ்சள். கோமெஸின் காலைப் பார்த்த பிறகு அது சிவப்பானது. டாட்டன்ஹாம் முறையிட்டது, அட்டையும் மூன்று ஆட்டத் தடையும் ரத்தாயின. சரியான முடிவு என்றே நினைக்கிறேன், அந்தத் தட்டல் மஞ்சளுக்கு மேல் தேறாது. இரண்டு வருடம் கழித்து, 2021 செப்டம்பரில், லீட்ஸின் பாஸ்கல் ஸ்ட்ரைக் சறுக்கி வந்து லிவர்பூலின் ஹார்வி எலியட்டிடம் பந்தை எடுத்தார். அவருடைய பின்கால் மாட்டி எலியட்டின் கணுக்கால் நழுவியது. ஆட்டம் கொஞ்சம் ஓடியது, அப்புறம்தான் நின்றது, அப்புறம்தான் சிவப்பு. அடிபட்ட பையனே "அது ரெட் கார்டு இல்லை, விபத்து" என்று வெளிப்படையாக எழுதினான். லீட்ஸின் முறையீடு தள்ளுபடி. மூன்று ஆட்டமும் ஸ்ட்ரைக் வெளியே உட்கார்ந்தார்.

இரண்டு சம்பவத்திலும் அட்டையின் நிறத்தைத் தீர்மானித்தது காயத்தைப் பார்த்த அதிர்ச்சி. ஒருவருக்கு அதைத் துடைத்துக் கொடுத்தார்கள், இன்னொருவருக்கு இல்லை. ஒன்றரை மதிப்பெண் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

காயத்தைப் பார்க்காமல் இருப்பது சுலபமில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் ஊதிய ஓர் ஆட்டத்தில் விழுந்தவன் கத்தவே இல்லை. கத்தாததுதான் மோசம். சுற்றி நின்றவர்கள் தலையில் கை வைத்துத் திரும்பிக்கொண்டார்கள், என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. அதைப் பாதியில் நிறுத்தி, மோதலுக்கு முந்தைய அரை நொடியை மனசில் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. பெரிய ஆட்டங்களில் வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் ஏற்பாடு, இருக்கிறது. அங்கேயும் ஒரு நல்ல வழிமுறை வைத்திருக்கிறார்கள்: எந்த இடத்தில் பட்டது என்பதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம், எவ்வளவு வேகம் என்பதை நிஜ வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் எந்த டேக்கிளும் கொலை முயற்சி மாதிரி தெரியும்.

சரி, தடைக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆபத்தான டேக்கிளுக்கு வாங்கும் நேரடி சிவப்புக்கு வழக்கமான விலை மூன்று ஆட்டம். 2008 பிப்ரவரியில் பர்மிங்ஹாமின் மார்ட்டின் டெய்லர் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் அர்செனலின் எடுவார்டோவின் இடது காலை உடைத்தார். கணுக்காலும் விலகிவிட்டது. எடுவார்டோ முதல் அணிக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம். டெய்லருக்கு மூன்று ஆட்டம். அர்செனல் மேலாளர் ஆர்சென் வெங்கர் சூட்டோடு சூடாக "இந்த ஆள் இனி ஆடவே கூடாது" என்றார், அன்று மாலையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2010 பிப்ரவரியில் ஸ்டோக்கின் ரையன் ஷாக்ராஸ், அர்செனலின் ஆரன் ராம்சியின் காலை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டு அழுதுகொண்டே வெளியேறினார். அவருக்கும் மூன்று ஆட்டம். அதே நாள் சாயங்காலம் இங்கிலாந்து தேசிய அணிக்கான பட்டியல் வந்தது, அதில் ஷாக்ராஸ் பெயர் இருந்தது! உள்நாட்டுத் தடை தேசிய அணியைக் கட்டுப்படுத்தாது.

இதைப் படித்து யாராவது சிரித்தால், எங்கள் வாரக்கடைசி லீக்கில் இதன் சின்ன பதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் சிவப்பு காட்டிய ஒரு டிஃபண்டர், தடை ஓடிக்கொண்டிருந்தபோதே அடுத்த ஞாயிறு வேறொரு லீக்கில், வேறு சட்டை, வேறு எண்ணோடு ஆடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் கொடி பிடித்து லைனில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்து வணக்கம் வேறு. நிர்வாகத்திடம் சொன்னால், "அது அவங்க லீக் சார், நம்ம தடை அங்க செல்லாது" என்று பதில். சேவையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தால் மதிப்பெண் எங்கிருந்து வரும்?

மூன்று என்ற எண்ணே ஒரு மாதிரி வழுக்கலானது. ஆட்டங்கள் நெருக்கமாக வரும் மாதத்தில் பத்து நாளில் மூன்றும் முடிந்துவிடும். இடையில் தேசிய ஆட்டங்களுக்கான விடுமுறை வந்தால் ஒரு மாதம் இழுக்கும். ஒரே குற்றம், காலண்டரைப் பொறுத்து தண்டனை. தொழில்முறை ஆட்டக்காரர் தடைக்காலத்திலும் பயிற்சிக்குப் போகிறார், சம்பளமும் வருகிறது. எங்கள் ஆட்களுக்கு வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அவர்களுக்கு மூன்று ஆட்டம் நிஜமாகவே வலிக்கிறது. காசு வாங்கி ஆடுகிறவரை விட ஆசைக்கு ஆடுகிறவரை இந்தத் தண்டனை அதிகமாகச் சுடுவது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

தடையால் லாபம் யாருக்கு என்று யோசித்திருக்கிறீர்களா? சிவப்பு அட்டையின் லாபம் அடிபட்ட அணிக்குப் போகிறது. எடுவார்டோ விழுந்த பிறகு அர்செனல் கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் பத்துப் பேருக்கு எதிராக ஆடியது. (அப்படியும் 2-2 தான், அது வேறு கதை.) நாலரை கொடுத்தது இதற்காகத்தான்: நஷ்டப்பட்டவருக்கே ஈடு, அதே இடத்தில், அதே நேரத்தில். தடையின் லாபமோ அடுத்து வரும் மூன்று எதிரணிகளுக்கு. அவர்களுக்கும் உடைந்த காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. புள்ளிப் பட்டியலில் அவர்கள் அடிபட்ட அணிக்கே போட்டியாளராகவும் இருக்கலாம்.

கடைசி நிமிடத்து சிவப்பு என்றால் அந்த ஈடும் கிடையாது. 2020 அக்டோபர் 17, ஒரே ஊர் அணிகளான எவர்ட்டன் - லிவர்பூல் டெர்பி இதற்குப் பாடம் எடுக்கும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட் கால்களைக் கத்தரி மாதிரி விரித்து லிவர்பூலின் வெர்ஜில் வான் டைக் மேல் விழுந்தார். வான் டைக்கின் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனே போச்சு. வி.ஏ.ஆர். அங்கே ஆஃப்சைடை (பந்து வரும்போது விதி அனுமதிக்காத இடத்தில் முன்னால் நிற்பது) பார்த்தது, கொடி சரி என்றது, நகர்ந்துவிட்டது. ஆஃப்சைடாக இருந்தாலும் சிவப்பு காட்ட விதியில் தடை ஏதும் இல்லை. அட்டையும் இல்லை, நடுவர்கள் பார்த்துவிட்ட சம்பவம் என்பதால் பின்னர் தடையும் இல்லை. அதே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எவர்ட்டனின் ரிச்சார்லிசன், தியாகோவின் முழங்காலில் பாய்ந்தார். அவருக்குச் சிவப்பு, மூன்று ஆட்டம். ஒரே மைதானம், ஒரே ரெஃப்ரி குழு, இரண்டு மோசமான பாய்ச்சல். ஒருவர் ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்தார்.

இதனால் ஆட்டக்காரர்கள் பயப்படுகிறார்களா என்ற கேள்விக்கு என் பதில்: தடை எவ்வளவு நீளம் என்பதற்கு யாரும் பயப்படுவதில்லை, மாட்டிக்கொள்வோமா என்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஓடும் வேகத்தில், பந்து நழுவுகிற அரை நொடியில், மூன்று ஆட்டமா ஆறு ஆட்டமா என்று கணக்குப் போடுகிற மூளை எவனுக்கும் இல்லை. எனக்கும் இருந்ததில்லை. ஆனால் "இந்த ரெஃப்ரி முதல் பத்து நிமிடத்திலேயே ஊதுகிறார்" என்பது உடம்புக்கே தெரிந்துவிடும், கால் தானாக அடங்கும்.

நெதர்லாந்து ஆட்டக்காரர் நைஜல் டி யோங்கின் 2010-ஐப் பாருங்கள். மார்ச்சில் நட்பு ஆட்டத்தில் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ஹோல்டனின் காலை உடைத்தார். ஜூலையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சாபி அலோன்சோவின் நெஞ்சில் ஸ்டட்டோடு மிதித்தார், மஞ்சள் மட்டும். அக்டோபரில் நியூகாசிலின் ஹாதெம் பென் அர்ஃபாவின் கால், அதற்கு அட்டையே இல்லை. மூன்று சம்பவம், மூன்றிலும் சிவப்பு கிடையாது, ஆகவே தடையும் கிடையாது. மூன்று ஆட்டத்தைப் பன்னிரண்டாக உயர்த்தியிருந்தாலும் இங்கே ஒன்றும் மாறியிருக்காது, பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினால் என்ன? கடைசியில் அவரைத் தண்டித்தது யார் தெரியுமா? நெதர்லாந்து பயிற்சியாளர் பெர்ட் வான் மார்வைக். அடுத்த ஆட்டங்களுக்கான அணியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார். விதிப் புத்தகத்தில் இல்லாத இந்தத் தண்டனை, நான் பார்த்த தடைகளிலேயே மரியாதையானது. சொந்த ஆளே சொல்கிறார், இது சரியில்லை என்று.

பழைய காலத்திலும் இதே கதைதான். அத்லெடிக் பில்பாவோவின் கோய்கோசெயா 1981-இல் பார்சிலோனாவின் பெர்ன்ட் ஷூஸ்டரின் முழங்காலை நாசம் செய்தார். 1983 செப்டம்பரில் அதே பார்சிலோனாவின் மரடோனாவின் கணுக்காலைப் பின்னாலிருந்து உடைத்தார். இரண்டாவது முறை நீண்ட தடை விதித்து, அப்புறம் குறைத்தார்கள். மாறியது எப்போது என்றால், 1998-இல் பின்னாலிருந்து ஆபத்தாக வரும் டேக்கிளுக்குக் கட்டாயம் சிவப்பு என்று விதியை இறுக்கிய பிறகு. எண்பதுகளின் ஆட்டப் பதிவு ஒன்றையும் இன்றைய ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து இரண்டு காலோடு வருகிறவனை இப்போது தேடத்தான் வேண்டும். தடையின் நீளத்தால் வந்த மாற்றமில்லை அது. விசில் நிச்சயம் என்பதால் வந்தது.

தண்டனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தலை சுற்றும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் செல்சியின் இவானோவிச்சின் கையைக் கடித்ததற்கு லிவர்பூலின் சுவாரெஸுக்குப் பத்து ஆட்டம். கடிபட்ட கையோடு இவானோவிச் ஆட்டத்தை முடித்தார். 2001-இல் மான்செஸ்டர் டெர்பியில் ஆல்ஃபி ஹாலண்டின் முழங்காலில் பாய்ந்த ராய் கீனுக்கு மூன்று ஆட்டம். அடுத்த வருடம், அது பழிவாங்கல் என்று தொனிக்கும்படி சுயசரிதையில் வந்ததற்கு இன்னும் ஐந்து ஆட்டமும் 1,50,000 பவுண்டு அபராதமும். செய்ததை விடச் சொன்னதற்கு விலை அதிகம். நோக்கம் வெளியே வந்ததால்தான் அந்தத் தண்டனை என்று வாதிடலாம், நியாயமும் கூட. ஆனால் இதிலிருந்து ஆட்டக்காரன் கற்றுக்கொள்வது, வாயை மூடிக்கொண்டிரு என்பதைத்தான்.

"அடிபட்டவன் திரும்பி வரும்வரை அடித்தவனும் வெளியே இருக்கட்டும்" என்று ரசிகர்கள் கேட்பது எனக்குத் தெரியும். விங்கில் ஓடிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கணுக்காலைத் திருப்பியவர் தடை முடிந்து கோல் அடித்த அன்று நான் ஊன்றுகோலோடு பெஞ்சில் இருந்தேன். கோபம் வராமல் எப்படி இருக்கும்? இருந்தாலும் விசில் கைக்கு வந்த பிறகு அந்த யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. அப்படி ஒரு விதி இருந்தால் எலியட் விஷயத்தில் ஸ்ட்ரைக் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அதைவிட மோசமாக, பறந்து வந்த காலை எம்பிக் குதித்துத் தப்பிக்கிறானே ஒருவன், அவன் மேல் பாய்ந்தவனுக்குத் தண்டனையே இருக்காது. எனக்கு அந்தப் பாய்ந்தவன்தான் முக்கியம். இன்றைக்குத் தப்பித்த கால் அடுத்த வாரம் தப்பிக்காது.

இந்தச் சேவையில் சேர்க்க வேண்டியதாக நான் கேட்பது ரக்பியில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஆட்டம் முடிந்த பிறகும், களத்தில் தவறிப்போன ஆபத்தான மோதலை ஒரு கமிஷனர் எடுத்து விசாரணைக்கு அனுப்பலாம். பிக்ஃபோர்ட் மாதிரி ஒருவர் "பார்த்துவிட்டோம், முடிந்தது" என்று நழுவ முடியாது. குற்றத்தைக் குறைந்தது, நடுத்தரம், உச்சம் என்று மூன்று படியாகப் பிரித்து, படிக்குத் தகுந்த தொடக்கத் தடை வைக்கிறார்கள். பழைய குற்றம் இல்லை, ஒப்புக்கொண்டான் என்றால் பாதி வரை குறைகிறது. எல்லாருக்கும் மூன்று என்ற நம் கணக்கை விட இது எவ்வளவோ மேல்.

அதோடு 2021-லிருந்து இன்னொன்றும் இருக்கிறது. தலையில் மோதித் தடை வாங்கியவர், சரியாக டேக்கிள் செய்யும் பயிற்சிக்குப் போனால் தடையின் கடைசி ஆட்டத்தைக் கழித்துக்கொள்ளலாம். இதைக் கேள்விப்பட்டபோது, நான் முன்பு வெளியே அனுப்பிய ஒரு பையன் நினைவுக்கு வந்தான். ஆட்டம் முடிந்து நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்: நிமிடம், சட்டை எண், எந்தப் பக்கத்திலிருந்து வந்தான், எந்தக் கால், ஸ்டட் எந்த உயரத்தில். பக்கத்தில் வந்து நின்று, சண்டைக்கு இல்லாமல் நிஜமாகவே கேட்டான்: "அப்ப வேற எப்படி சார் எடுக்கறது?" அவனுக்குத் தெரிந்த டேக்கிளே அது ஒன்றுதான். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தால் வேறொன்று தெரிந்துவிடுமா?

"தம்பி, முதல்ல விழாத. நின்னுகிட்டே அவன் கூட ஓடு. அவன் அடுத்த தொடுதல் நீளமாப் போகும்போது உடம்பை நுழை. சறுக்கித்தான் ஆகணும்னா பக்கத்துல இருந்து வா, முழங்காலை மடக்கிக்கோ" என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருட்டிவிட்டதால் செய்து காட்டவில்லை. இதை ஒரு பயிற்சியாளர் பந்தை வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் தடையில் ஓர் ஆட்டம் குறையட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வகுப்புக்கு வராதவன் மூன்றையும் முழுசாக உட்காரட்டும், எந்த லீக்காக இருந்தாலும்.